பெற்றோரே பயிற்சியாளராகும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகள் 14 பேர் கொண்ட கால்பந்து அணிக்குப் பயிற்சி தர யாரும் முன்வராததால், ஆட்டக்காரரில் ஒருவனின் தந்தையான நான் அப்பொறுப்பை ஏற்றேன். முறையாக விளையாடிய அனுபவம் எனக்கு இல்லை. பயிற்சியின்போது வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிச் சண்டையிடுகிறார்கள். நான் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பைக் கூட்டுவதற்கு முன் அந்த வரிசையைக் கலைத்துவிடுங்கள். 14 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கோலை நோக்கி உதைக்கிறார்கள், ஒருவருக்கு 20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை உதைத்த பிள்ளைக்கு மறுமுறை பந்து கிடைக்க ஏறக்குறைய ஐந்து நிமிடமாகும். கால் மணி நேரத்தில் மூன்றே உதைகள். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்து வயதில் அந்த நிலையில் யாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளத்தான் செய்வார்கள்.

அதே கால் மணி நேரத்தில் மைதானத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நால்வருக்கு நால்வரும் மறுபக்கம் மூவருக்கு மூவருமாக ஆடவிட்டால், ஒருவர்கூடச் சும்மா நிற்க மாட்டார். பந்தைத் தொடுவதும், எதிராளியைப் பார்த்து முடிவெடுப்பதும், இழந்த பந்தைத் துரத்துவதும் அனைவருக்கும் மாறி மாறிக் கிடைக்கும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் முறையில் சிறுவர்கள் குறைந்த எண்ணிக்கையிலான அணிகளில் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே 11 பேர் கொண்ட முழு அணியாக ஆடுவதற்கு இதுவே காரணம். டென்னிஸிலும் 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதி வகுத்தது. பிள்ளையை ஆட்டத்துக்கேற்ப வளைப்பதைவிட ஆட்டத்தைப் பிள்ளைக்கேற்பச் சுருக்குவதே எளிது என்பதை இரண்டு விளையாட்டுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம் போதும். அன்றைய பாடம் பாஸ் வாங்கும் முன் சுற்றிலும் பார்த்துக்கொள்வது என்றால், முதலில் சிறிய ஆட்டம் ஒன்றை ஆடவிட்டு, இடையில் நிறுத்தி, நன்றாகச் செய்த ஒரு பிள்ளையைக் கொண்டே செய்துகாட்டச் சொல்லி, அரை நிமிடத்துக்குள் பேசி முடித்து, மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அன்று கண்ணில் படும் மற்றப் பிழைகளை அப்படியே விட்டுவிட வேண்டும்; பயிற்சியாளருக்கு இதுதான் மிகக் கடினம். விளையாடிய அனுபவம் இல்லாததைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம். நன்றாக ஆடியவர்கள் தமக்கு எளிதாக வந்தது பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று பொறுமையிழப்பதும் உண்டு. ஆயினும் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சியை மட்டும் உங்கள் கற்பனைக்கு விட வேண்டாம். 7 முதல் 13 வயதுள்ளோருக்கென்று ‘11+ கிட்ஸ்’ என்ற வார்ம் அப் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைக் காலில் சமநிலை காத்தல், குதித்து முழங்காலை மடக்கித் தரையிறங்குதல், பாதுகாப்பாக விழுதல் முதலியவை அதில் உள்ளன. பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

கேள்வி: நான் பயிற்சி தரும் கூடைப்பந்து அணியில் என் மகளும் இருக்கிறாள். அவளுக்குச் சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மற்றவர்களைவிட அவளைச் சற்று அதிகமாகவே கண்டிக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டில் அவள் என்னுடன் அதிகம் பேசுவதில்லை.

பதில்: அம்மா, மற்றப் பெற்றோரின் வாயை அடைப்பதற்கான விலையை உங்கள் மகள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, 12 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிகளில் தந்தையிடமே பயிற்சி பெற்ற ஆறு சிறுவர்களிடமும் அவர்களுடைய தந்தையரிடமும் பேசியது. தந்தையுடன் கூடுதல் நேரம் கிடைப்பதையும் அவருடைய பாராட்டையும் சிறுவர்கள் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்கள். கூடவே, தங்கள் தவறுகளுக்குக் கிடைத்த கண்டனத்தையும், தங்கள்மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பையும், நியாயமற்று நடத்தப்பட்டதையும் சொன்னார்கள். மகனிடம் அதிகம் எதிர்பார்த்ததைத் தந்தையரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு குடும்பங்களை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுவே.

முதல் வேலையாக, நீங்கள் பயிற்சியாளராகத் தொடர்வதில் அவளுக்கு விருப்பமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு கேளுங்கள். பதிலை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு கேட்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் சம்மதித்தால், அணியில் உதவிக்கு இருக்கும் இன்னொரு பெரியவரிடம் அவளுடைய ஆட்டத்தைத் திருத்தும் பொறுப்பை ஒப்படையுங்கள். கேப்டன் தேர்வு, தொடக்க ஐவரைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றில் அவளைப் பற்றிய முடிவையும் அவரே எடுக்கட்டும். அவருடைய மகனோ மகளோ அணியில் இருந்தால், அப்பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதை உங்களால் சரியாகச் சொல்ல முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970-களில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை மைதானத்திலேயே இருந்து கவனித்துக் குறிப்பெடுத்தபோது, தாங்கள் எவ்வாறு நடந்துகொண்டதாகப் பயிற்சியாளர்கள் நம்பினார்களோ அதைவிட, பிள்ளைகள் சொன்னதே அந்தக் குறிப்புகளோடு கூடுதலாக ஒத்துப்போனது. எனவே நம்பிக்கையான ஒருவரை ஒரு நாள் ஓரமாக அமர்த்தி, உங்கள் மகளிடமும் மற்றவர்களிடமும் எத்தனை முறை, எந்தத் தொனியில் பேசினீர்கள் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மைதானத்தில் அவள் உங்களை ‘கோச்’ என்றுதான் அழைக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதனால் பெரிய பயன் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவளாகப் பேச்சை எடுக்கும்வரை ஆட்டத்தைப் பற்றி நீங்கள் பேசாதிருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக ஆட வாய்ப்பளித்தால் தோற்கிறோம், திறமையானவர்களையே ஆடவிட்டால் வெல்கிறோம். வெல்லும் பழக்கமும் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

பதில்: வெல்ல முயலும் பழக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? சிறு வயதில் ‘திறமை’ என்று நாம் பார்ப்பதில் ஒரு பகுதி, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்து அதே வயதுப் பிரிவில் சில மாதங்கள் மூத்தவராக இருப்பதன் பயனே. கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளில் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பதினோரு வயதில் ஓரமாக உட்கார வைக்கப்படும் டிசம்பர் மாதத்துப் பிள்ளை பதினாறு வயதில் எப்படி வளர்ந்திருப்பான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேலே சொன்ன ஸ்மித், ஸ்மோல் இருவரும் பங்கேற்று 1992-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். போட்டிப் பருவம் தொடங்குமுன் சில பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு, முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்த பிள்ளையைத் தேற்றித் திருத்துவது, தண்டனையைத் தவிர்ப்பது ஆகியவை கற்றுத்தரப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்களுடைய அணிகளிலிருந்து விலகிய பிள்ளைகள் 5 சதவீதம். வழக்கம்போல் பயிற்சி தந்தவர்களின் அணிகளிலிருந்து விலகியவர்கள் 26 சதவீதம். இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கிலோ வேறுபாடு இல்லை. சிறுவர் அணிப் பயிற்சியாளரை எடைபோட நான் கேட்கும் கேள்வி, சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்திருக்கிறார்கள் என்பதே. நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இலேயே பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று விதிகளை வகுத்தது. அங்கு ஒரு பிள்ளை 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது.

நடைமுறையில், யார் எப்போது ஆடுவது என்பதை முதல் நாள் மாலையே தாளில் எழுதிவிடுங்கள். பரபரப்பான கடைசி நிமிடங்களில் எடுக்கும் முடிவு எப்போதும் பலமான ஆட்டக்காரர் பக்கமே சாயும். பெரிய போட்டிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா என்று கேட்பீர்களானால், 12 வயதுக்குக் கீழ் இல்லை என்பேன்.

கேள்வி: ஓரத்தில் நின்று கத்தும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: பருவம் தொடங்குமுன் ஒரு கூட்டம் போட்டு, கைதட்டலாம், உற்சாகப்படுத்தலாம், ஆனால் ‘உதை’, ‘ஓடு’, ‘பாஸ் கொடு’ என்ற கட்டளைகளும் நடுவருடன் வாக்குவாதமும் கூடாது என்று சொல்லிவிடுங்கள். புகார் உள்ளவர்கள் மறுநாள் பேசட்டும். நடுவரிடம் நீங்களே குரலை உயர்த்தினால் இந்த விதி அன்றோடு முடிந்தது.

கேள்வி: என் அணியிலுள்ள 11 வயதுச் சிறுவன் ஆண்டு முழுவதும் தினமும் பயிற்சி செய்கிறான். சென்ற வாரம் தலையில் அடிபட்ட பிறகும் ஆட வேண்டும் என்று அழுதான்; நான் அனுமதிக்கவில்லை. சரிதானே?

பதில்: முற்றிலும் சரி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே அந்தப் பிள்ளை அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், மிகுந்த தூக்கம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தினசரிப் பயிற்சியைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் தந்த அறிவுரை தெளிவானது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களாவது, மாதம் மாதமாகப் பிரித்தேனும், அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவன் நீந்தலாம், வேறு விளையாட்டு ஆடலாம். இதை அவன் பெற்றோரிடம் நீங்கள் நேரில் சொல்வது நல்லது. மகன் பின்தங்கிவிடுவான் என்று அவர்கள் அஞ்சினால், ஓய்வுக்குப் பிறகும் அணியில் அவனுக்கு இடம் இருக்கும் என்று உறுதியளியுங்கள்.