காலையில் வெள்ளோடு, முற்பகலில் பவானி: சேலத்திலிருந்து ஒரு நாள் பயணத் திட்டம்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். நான், கணவர், ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 67 வயது மாமியார். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, பறவைகள் வரும் ஏரி ஒன்றையும் காவிரிக்கரை ஊர் ஒன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப ஆசை. போன வருடம் இப்படித்தான் கிளம்பினோம். ஏரிக்குப் பத்தரைக்குப் போனோம், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன. கோயிலுக்குப் போனால் நடை சாத்திவிட்டார்கள். எங்கே தவறு? எப்படித் திட்டமிட வேண்டும்?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் தவறில்லை, கிளம்பிய நேரம்தான் தவறு. இந்த மாதிரிப் பயணத்தை வெயிலும் கோயில் நடையும்தான் நடத்துகின்றன. ஒன்பதரை மணிக்கு மேல் ஏரிப் பறவைகள் ஒடுங்கிவிடும். கோயில் நடை மதியம் ஒரு மணியை ஒட்டிச் சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். வீட்டில் டிபன் முடித்து எட்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டுமே கைநழுவும். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நடை சாத்துவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கோயில் வாசலில் இருக்க வேண்டும், அதற்கு முன் ஏரியில் இரண்டு மணி நேரம் வேண்டும், அதற்கு ஏற்றபடி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் பவானி கூடுதுறையும். வெள்ளோடு ஏரி சுமார் 77 ஹெக்டேர். 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நடைபாதையும் பார்வைக் கோபுரமும் இருப்பதால் மாமியாருக்கும் சிரமம் இருக்காது. கோபுரத்தில் அவர் ஏற வேண்டியதில்லை, பாதையோர நிழலிலிருந்தே நன்றாகத் தெரியும். சுற்றியுள்ள கிராமத்து மக்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. போகும் வழியிலேயே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஏரிக்கரையில் சத்தம் போடாதே என்று தனியாக அதட்ட வேண்டியிருக்காது.

அஸ்தம்பட்டியிலிருந்து காலை 4.50-க்குக் கிளம்புங்கள். சங்ககிரி, பள்ளிபாளையம், ஈரோடு வழியாகச் சென்னிமலை சாலையைப் பிடித்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஈரோடு நகருக்குள் நெரிசல் இருக்காது, இதே வழியில் எட்டு மணிக்குப் போனால் கூடுதலாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். மார்கழியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும், 6.45-க்கு நீங்கள் கரையில் இருப்பீர்கள். பனி மூட்டமாக இருந்தால் ஏழரை வரை தண்ணீர்ப் பரப்பு தெரியாது. அதற்காகத் தாமதமாகக் கிளம்பாதீர்கள். பனி விலகும் அந்த அரைமணியில்தான் பறவைகள் கரைக்கு மிக அருகில் இருக்கும். முந்தின நாளே டிரைவரிடம் கிளம்பும் நேரத்தையும் வழியையும் சொல்லிவிடுங்கள்.

கரையில் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது ஏரியின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்கே பார்க்க வேண்டும். சூரியனை எதிர்கொண்டு பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், போன வருடம் பார்த்த புள்ளிகளுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் கானல். பத்து மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் காற்று நெளிவதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரிலும் படம் கலங்கும்.

பைனாகுலர் கட்டாயம் வேண்டும். 8×42 அளவு (8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ.) போதும், 10 மடங்கு வாங்காதீர்கள். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாவதால் பிள்ளைகள் கையில் படம் நிற்காது. சின்னவனுக்கு 8×30 எடை குறைவாக இருக்கும். வாங்கியதும் வீட்டிலேயே சரிசெய்து வையுங்கள். முதலில் இரண்டு குழாயையும் விரித்தும் நெருக்கியும் இரண்டு வட்டங்கள் ஒன்றாகும்படி செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள், அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் இது மாறும். அதனால் ஐந்து பேருக்கு ஒன்றே ஒன்று என்றால் பாதி நேரம் சண்டையில் போகும், இரண்டு இருப்பது நல்லது. கண்ணாடி அணிபவர் கண் வைக்கும் ரப்பரை மடக்கிவிட வேண்டும். பார்க்கும்போது பறவையை முதலில் வெறும் கண்ணால் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைத் தூக்கி வைக்கப் பழக்குங்கள். பைனாகுலருக்குள் தேடினால் கிடைக்காது.

நூறு வகை பார்க்க வேண்டுமென்று பட்டியல் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆறேழு பறவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்று கொடுங்கள். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பை தொங்குகிறதா பார்க்கச் சொல்லுங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி இருக்கும், நத்தையை எடுக்கத் தோதான அமைப்பு அது. மஞ்சள்மூக்கு நாரை கண்ணால் தேடி மீன் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகைக் கலங்கல் நீரில் ஆழ்த்தி நடக்கும், மீன் தொட்டதும் சட்டென்று மூடும். பாம்புத்தாராவும் நீர்க்காகமும் மரக்கிளையில் சிறகை விரித்து நிற்கும். அவற்றின் இறகு நீரில் நனைந்துவிடும் என்பதால் இப்படிக் காயவைக்கின்றன. நாமக்கோழியின் நெற்றியில் வெள்ளை நாமம் இருக்கும், பெயருக்குக் காரணம் கேட்க வேண்டியதே இல்லை. இராக்கொக்கு இரவெல்லாம் இரைதேடிவிட்டு விடியலில்தான் மரத்துக்குத் திரும்பும், ஏழு மணிக்கு மேல் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடையாது. ஊசிவால் வாத்து மாதிரியான வடக்கத்தி விருந்தாளிகள் வந்திருந்தால் நடு ஏரியில் கூட்டமாக மிதக்கும். வெயில் ஏறியதும் அவை தலையை முதுகில் புதைத்துத் தூங்கிவிடும், கூழைக்கடாக்கள் சூடான காற்றோட்டத்தில் வட்டமிட்டு உயரே போய்விடும். பத்தரைக்கு நீங்கள் பார்த்த ஏரி அதுதான்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு இருக்கும், பாதையை விட்டு இறங்கி நெருங்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காகம் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் கூடாது. வெள்ளை, சிவப்பு, பளபளக்கும் சட்டை வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு நல்லது. காலை உணவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் பிளாஸ்கில் சுக்குக் காப்பியும் எடுத்துப் போய், ஒன்பது மணிக்கு வெளியே வந்து சாப்பிடுங்கள்.

அந்தப் பக்கம் மழை பொய்த்த வருடங்களில் ஏரி சுருங்கிவிடும். அதனால் போவதற்கு நான்கு நாள் முன் ஈரோடு வனத்துறை அலுவலகத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

9.30-க்குக் கிளம்பினால் ஈரோடு வழியாகப் பவானிக்கு ஒரு மணி நேரம். காவிரியும் பவானியும் கூடுமிடம், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக நம்பிக்கை. தேவாரத்தில் திருநணா என்று பாடப்பட்ட ஊர் இது. சங்கமேஸ்வரரையும் வேதநாயகியையும் தரிசித்துவிட்டு, தந்தக் கட்டிலைப் பற்றிக் கோயிலில் விசாரியுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804-இல் அம்மனுக்கு அளித்தது. கோயிலுக்குள் வர முடியாத அவர் அம்மனைப் பார்க்கச் சுவரில் போட்ட துளைகளும் உண்டு. சிறு பெண் ஒருத்தி கனவில் வந்து எழுப்பியதால் அவர் வெளியே ஓடிவர, பின்னாலேயே மாளிகை இடிந்தது என்று கோயில் வரலாறு சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை அந்தக் கரையில் இல்லை.

இங்கே திட்டத்தைக் கெடுப்பது நாள்காட்டிதான். கூடுதுறை முன்னோர்களுக்குத் திதி கொடுக்கும் துறை. அமாவாசையன்று கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும் வருவார்கள், அவர்கள் கூட்டம் சனி, ஞாயிறில்தான் அதிகம். ஆகவே அமாவாசையைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். படித்துறையில் பிள்ளைகளை இடுப்பளவுக்கு மேல் இறக்க வேண்டாம். நீரோட்டம் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும்.

பவானி வந்தவர்கள் ஜமக்காளம் வாங்காமல் போவதில்லை. அகலமான கைத்தறி ஜமக்காளத்தை இரண்டு நெசவாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். விசைத்தறிச் சரக்கும் அதே பெயரில் விற்கிறது. கையில் எடுத்தால் கனமும் முரட்டுத்தனமும் தெரிய வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மதிய உணவு முடிந்து 1.30 ஆகும். மாமியார் களைத்திருந்தால் தேசிய நெடுஞ்சாலையில் நேரே சேலம் திரும்பிவிடுங்கள், சுமார் 60 கிலோமீட்டர்தான். உற்சாகமாக இருந்தால் காவிரியின் மேற்குக் கரையில் அம்மாபேட்டை வழியாக நெரிஞ்சிப்பேட்டைக்குப் போங்கள். அங்கிருந்து எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கு விசைப்படகு ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே மதகுக் கதவுகளோடு கட்டிய கதவணையில் மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர் என்பதால் ஆறு ஏரி மாதிரி அகன்று கிடக்கும், தென்னையும் தண்ணீருமாக இருப்பதால் குட்டிக் கேரளா என்று பெயர் வாங்கிவிட்டது. படகில் போய், பூலாம்பட்டியில் சுடச்சுட மீன் வறுவல் சாப்பிட்டு, அடுத்த படகில் காருக்குத் திரும்பலாம். ஊர்மக்கள் அன்றாடம் வேலைக்குப் போகும் படகு இது, அவர்களை முதலில் ஏறவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும்.

கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்துவிடும் நாட்களில் படகு ஓடாது. மேட்டூர் அணையிலிருந்து நீர் அதிகம் திறந்தாலும் நிறுத்திவிடுவார்கள். நாளிதழில் தினமும் வரும் மேட்டூர் நிலவரத்தில் நீர்மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், வெளியேற்றம் எத்தனை கனஅடி என்பதுதான் உங்களுக்கு முக்கியம். முந்தின இரண்டு நாளில் அது பல மடங்கு ஏறியிருந்தால் படகைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கதவணைக்குக் கீழ்ப்பக்கம் பாறையில் இறங்கி விளையாடவே கூடாது. மின்நிலையம் ஓடும்போது தண்ணீர் சட்டென்று உயரும்.

நாலரைக்குக் கிளம்பினால் மேட்டூர், மேச்சேரி, ஓமலூர் வழியாக ஏழு மணிக்கெல்லாம் வீடு. வழியில் மேட்டூர் பூங்காவையும் சேர்க்காதீர்கள், 120 அடி வரை தண்ணீர் தேக்கும் அணையைப் பார்க்க இன்னொரு நாள் தனியாக வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு காலை ஆறரைக்குப் பிள்ளைகளைக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஒரு மணி நேரம் கூட்டிப் போங்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். சேர்வராயன் மலைத் தண்ணீர் புது ஏரி நிரம்பி இங்கே வருகிறது. 2010-க்குப் பின் ஏரியைத் தூர்வாரி நடுவில் அமைத்த மண் திட்டுகளில் இப்போது கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. கரையோரம் முக்குளிப்பான் ஒன்று தண்ணீரில் மூழ்கி வேறொரு இடத்தில் எழும். அது எங்கே எழும் என்று ஊகித்து, எழுந்த நொடியில் பைனாகுலரில் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு மூன்று முறை பிடித்துவிட்டால் வெள்ளோட்டுக்கு அவர்கள் தயார்.