கபடிக் கோட்டுக்குள் கருப்புத் துணி

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. திருவிழாவுக்கு நடந்த கபடிப் போட்டியில் காலனிப் பையன்களின் டீமைச் சேர்க்க முடியாது என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. எங்கள் தெரு டீமுக்கு என் மகன்தான் கேப்டன். செமி ஃபைனலுக்குக் கூப்பிட்டபோது ஏழு பேரும் கையில் கருப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து, "அவங்களும் ஆடினாத்தான் ஆடுவோம்" என்று கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பை வேறு டீமுக்குப் போய்விட்டது. விளையாட்டில் அரசியல் பண்ணுகிறான் என்று சொந்தக்காரர்களே திட்டுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்கிற பையன். அவன் செய்தது சரியா?

பெயர் வெளியிட வேண்டாம்,
ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

சரிதான். உங்கள் மகனை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு டீமின் பெயரை எழுத மறுத்தார்களே, அப்போதே அந்தப் போட்டிக்குள் அரசியல் வந்துவிட்டது. நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கியபோது கொடி ஏறியது, தேசிய கீதம் ஒலித்தது, வேலூரே பூரித்தது. நாட்டுக்காக மேடையில் நிற்கலாம் என்றால் நியாயத்துக்காகவும் நிற்கலாம்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் அந்தப் பரிசு மேடைப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டர் ஓட்டம். அமெரிக்கக் கருப்பின வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கருப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தித் தலைகுனிந்து நிற்பார்கள். தங்கள் மக்களின் வறுமையைக் காட்ட, காலில் ஷூ இல்லாமல் கருப்பு சாக்ஸ் மட்டும். உங்கள் மகன் பார்க்க வேண்டியது இரண்டாம் இடத்தில் நிற்கும் வெள்ளைக்காரரை. ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அவர் கையை உயர்த்தவில்லை. ஆனால் நெஞ்சில் அந்த இருவரும் குத்தியிருந்த அதே மனித உரிமை பேட்ஜ். அவர்கள் செய்யப்போவதைக் கேட்டதும் "நானும் உங்களோடு நிற்கிறேன்" என்று சொல்லி, ஒரு அமெரிக்கத் துடுப்புப் படகு வீரரிடமிருந்து அதை வாங்கிக் குத்திக்கொண்டார். கார்லோஸ் கையுறையை மறந்து வந்திருந்தார். ஸ்மித்தின் ஜோடியை ஆளுக்கொன்றாகப் போடச் சொன்னவரும் நார்மன்தான். ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் உயர்த்தியிருப்பது அதனால்தான்.

ஸ்மித்தையும் கார்லோஸையும் ஒலிம்பிக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். நார்மன் அடுத்த ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-இல். அதற்குள் அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

கோப்பை போச்சே என்ற ஆதங்கம் உங்களுக்கு இருக்கும். 1974-இல் சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம் என்று முடிவெடுத்தது அரசு. கோப்பையை இழந்தது வீரர்கள். ஆடாமலே அது தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. நாம் இன்றுவரை ஒருமுறைகூட அதை வென்றதில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றுதான் நான் சொல்வேன்.

வேலையைப் பற்றிப் பயப்படாதீர்கள். கோட்டாவுக்குப் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ். திருவிழாக் கோப்பைக்கு அங்கே இடமில்லை. அவன் யாரையும் அடிக்கவில்லை, உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அவனிடம் கேளுங்கள். உட்காருவதற்கு முன் அந்தப் பையன்களிடம் பேசினானா? ஊருக்குக் கோபம் வந்தால் அது முதலில் போய் நிற்பது அவர்கள் தெருவில்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கொடுத்தால் இவன் சாட்சி சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அப்புறம், அடுத்த போட்டிக்கு இரண்டு தெருப் பையன்களும் ஒரே டீமாகப் பெயர் கொடுக்க ஒத்துக்கொள்வார்களா என்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் ஜெர்சிச் செலவு என்னுடையது.