சேலத்தில் ஒரு நாள், சேர்வராயனில் ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏற்காடு போகும்போதெல்லாம் சேலத்தில் பேருந்து மாறியதோடு சரி, ஊரைப் பார்த்ததே இல்லை. டிசம்பர் விடுமுறையில் எழுபது வயதைக் கடந்த மாமியாரையும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணமாக வர எண்ணியிருக்கிறோம். சேலத்தில் ஒரு நாள் முழுவதும் செலவிடும் அளவுக்கு என்ன இருக்கிறது?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, ஒரு நாள் தாராளமாகச் செலவிடலாம். முதல் நாள் காலையில் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமைகளிலும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையிலும் அது விடுமுறை என்பதால், நாளைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது. சிறிய அருங்காட்சியகம்தான், வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அங்கே நீங்கள் நின்று பார்க்க வேண்டியவை நடுகற்கள். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருதும், ஊரைக் காக்கப் போரிட்டும், புலியை எதிர்த்தும் உயிர்விட்டவர்களுக்கு ஊரார் கல் நட்டார்கள். பள்ளிப் பாடத்தில் வெட்சி, கரந்தை என்று உங்கள் மகள் மனப்பாடம் செய்யும் திணைகளுக்குக் கல்லில் உள்ள சாட்சி இதுதான். நடுகல்லுக்கு நேர் எதிரே நின்றால் அதில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் இடத்திலிருந்து பாருங்கள். வீரன் முன்னே எடுத்து வைத்த கால், கையில் பிடித்த வில் அல்லது வாள், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள் என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படும். சிறுவயதில் எங்கள் ஊர்ப்பக்கத்து வயல் ஓரத்தில் இப்படியொரு கல்லுக்கு எண்ணெய் பூசி, வேடியப்பன் என்று பெரியவர்கள் கும்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாமி ஒரு காலத்தில் நம்மைப்போல் நடமாடிய மனிதர் என்பது அருங்காட்சியகத்தில் நின்ற ஒரு நாளில்தான் எனக்கு விளங்கியது.

மாலையில் உங்கள் மாமியாருக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலும் சுகவனேசுவரர் கோயிலும் போதும். இரண்டும் நகரின் நடுவிலேயே உள்ளன.

கேள்வி: ஏற்காட்டில் படகுத்துறை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மறுபடியும் போனால் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகர், கரூர்

பதில்: மலையேறும் முன்பே ஓரிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. தமிழ் சினிமாவில் ஊறிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களை இறக்கி அந்த வளைவின் அருகே சற்று நேரம் நிற்க விடுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றதும், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் ஆர்க்கிட் தோட்டத்திற்குச் செல்லுங்கள். மேகாலயத்தின் காசி மலைக்குரிய குடுவைத் தாவரம் அங்கே வளர்க்கப்படுகிறது. இலையின் நுனி நீண்டு மூடியுள்ள சிறு குடுவையாக மாறியிருப்பதையும், அதற்குள் வழுக்கி விழும் பூச்சி அடியிலுள்ள நீரில் செரிக்கப்படுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொன்னால், அதன்பின் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமமாக இருக்கும். ஆர்க்கிட் செடிகள் எல்லா மாதமும் பூத்திருப்பதில்லை. பூ இல்லாவிட்டாலும் மரப்பட்டையைப் பற்றியிருக்கும் வேர்களைக் கவனியுங்கள்.

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தையும் தவறவிடாதீர்கள். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. அவர் சேகரித்த கற்கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இத்தனை பெரிய ஆய்வாளரின் பெயரை ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அறியாமலே திரும்புவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில் உள்ளது. கருவறை குகைக்குள் இருப்பதால் குனிந்துதான் செல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியில் நின்றே வணங்கலாம். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது குலதெய்வக் கோயில் போன்றது என்பதை நினைவில் கொண்டு, சத்தமில்லாமல் சென்று வாருங்கள். வழியெங்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். டிசம்பரில் சென்றால் சிவந்த பழங்களைக் கூடையில் பறிப்பதைக் காணலாம்.

கேள்வி: சேலத்தில் எதைச் சாப்பிட வேண்டும்? எதை வாங்கி வர வேண்டும்?
— வாசகி, திருவாரூர்

பதில்: தட்டுவடை செட். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தட்டுவடையின் மேல் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். கடைக்காரர் கையில் கொடுத்ததும் வாயில் போட்டுவிட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் சட்னி ஊறி மொறுமொறுப்புப் போய்விடும். மாலை நேரத்தில் தள்ளுவண்டிக் கடைகளில் கிடைப்பதையே நான் விரும்புவேன்.

மாம்பழத்திற்கென்று வருவதாக இருந்தால் மே, ஜூன் மாதங்களில் வாருங்கள். மல்கோவாவும் இமாம்பசந்தும் அப்போதுதான் சுவையாகக் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் காம்புப் பக்கத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மற்ற மாதங்களில் ஜவ்வரிசி வாங்கலாம். இப்பகுதியில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளியிலிருந்து எடுக்கப்படும் சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தட்டுவடையை ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்பினால், வெறும் தட்டுவடையாக வாங்கி டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். சட்னியை வீட்டில் அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ளலாம்.