தாத்தா கழற்ற மறுத்த செருப்பு

"உங்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தில் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் செருப்பு.

1960களின் கடைசியில் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஆச்சி பக்கத்தில் நிற்கிறாள். பார்க்கிறவர்கள் தாத்தாவின் மீசை, ஆச்சி காதில் தொங்கும் பாம்படம் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கீழே பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. தடித்த எருமைத்தோலை அடுக்கி அடித்த அடி, குறுக்கே அகலமான ஒரு வார், கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு வளையம். ஓரத்தில் நூல் தையல் கிடையாது, தோலையே மெல்லிசாக அறுத்துக் கோத்திருப்பார்கள். குதிகாலில் லாடம். வலது செருப்பு மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருக்கும். தாத்தா வண்டிக்காரர். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பைக்கும் நெல் மூட்டை அடிப்பார். பாரம் ஏற்றிவிட்டால் வண்டியில் உட்கார மாட்டார், மாட்டோடு மாடாக நடப்பார்.

அந்தச் செருப்பு கடையில் வாங்கியதல்ல. ஊரில் தைத்துக் கொடுப்பவருக்கு அறுப்பு சமயத்தில் களத்து நெல்லாகக் கூலி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமான தோல் என்பதால் வருஷக்கணக்கில் உழைக்கும். புதுசில் மட்டும் காலைக் கடித்து எடுத்துவிடும், விளக்கெண்ணெய் தடவித் தடவித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருவோம். விரித்திருந்த ஜமுக்காளம் அழுக்காகும் என்று படம் பிடிப்பவர் செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். தாத்தா, "துட்டு குடுத்துல்லா படம் புடிக்கேன், செருப்போட எடும்வே" என்றாராம். அவருடைய வீம்புக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் மேல்சாதிக்காரர்கள் இருந்த மேலத்தெருவைத் தாண்டும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. தைத்துக் கொடுத்தவருக்கும் அதே சட்டம்தான். அம்பையில் அவரைக் கேட்க ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் செருப்பு சாமிக்கும் போகிற பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. முத்துப்பட்டன் என்ற பிராமணன் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று அவர்களைக் கட்டினான், பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துப் பட்டவராயன் ஆனான் என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். காணிக்கையாகப் போட்ட செருப்பு நாளாக நாளாகத் தேய்ந்திருக்கும், பட்டவராயன் மாட்டிக்கொண்டு காட்டில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குப் போனால் தாத்தா அந்தச் செருப்புகளைக் கையில் எடுத்துத் தையலைச் சோதிப்பாராம். அவர் பக்தி அந்த மாதிரி!

ஆச்சி மட்டும் படத்தில் வெறுங்கால். ஒரு பாதத்தைச் சேலைக் கொசுவத்துக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறாள். உனக்கு ஏன் தாத்தா வாங்கித் தரவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "செருப்பு போட்டுக்கிட்டா நாத்து நடுவாவ? கோட்டிக்காரப் பயலே" என்றாள். அந்த பதிலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வயலில் சரி, வரப்பிலும் ரோட்டிலும்?

சமீபத்தில் சித்தப்பா பையன் இந்தப் படத்தை ஏதோ ஆப்பில் போட்டுக் கலர் ஆக்கினான். அது செருப்பைப் பளபளவென்று பழுப்பு ஷூவாக மாற்றிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் இதயம் போட்டார்கள். நான் ஒரிஜினலைப் பாதம் வெட்டுப்படாமல் ஸ்கேன் செய்து திரும்ப அனுப்பினேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அசல் ஜோடி இப்போது இல்லை. அப்பா கான்கிரீட் வீடு கட்டும்போது திருஷ்டிக்காகச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். பால் காய்ச்சிய மறுநாள் சாரத்தைப் பிரித்த ஆட்கள் அதையும் அவிழ்த்துக் குப்பையோடு அள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆச்சி அப்பாவோடு ரொம்ப நாள் பேசவில்லை.