ஜனவரிக் குளிரில் கனடாப் பள்ளி: பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். என் கணவருக்குக் கனடாவில், டொராண்டோ பக்கத்தில் இருக்கும் மிசிசாகாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஒர்க் பெர்மிட் வந்துவிட்டது, 2026 ஜனவரியில் சேர வேண்டும். மகள் 2015 டிசம்பரில் பிறந்தவள், இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் நாலாம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. எல்லோரும் சேர்ந்து நடுக்குளிரில் போய் இறங்குவதா, இல்லை பரீட்சை முடிந்து நானும் பிள்ளைகளும் ஜூனில் போவதா? மகளை ஐந்தாம் கிரேடில் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள், சமாளிப்பாளா? குளிருக்கான துணிமணி இங்கேயே வாங்கிவிடலாமா? தமிழை மறந்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: ஜனவரியிலேயே போங்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பமே கிடையாது, எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன். மிசிசாகா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அந்த ஊர்த் தொழிலாளர் தினம் முடிந்ததும் தொடங்கி ஜூன் கடைசியில் முடியும். நீங்கள் ஜூனில் போய் இறங்கினால், ஜூலை ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஒரு பிள்ளையைக்கூடத் தெரியாத ஊரில் அப்பா வேலைக்குப் போய்விட, இரண்டு பேரும் வீட்டுக்குள் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் கூடவே அடைந்து கிடப்பீர்கள். ஜனவரியில் சேர்த்தால் கோடை விடுமுறைக்கு முன்னால் ஐந்து மாதம் வகுப்பில் இருந்திருப்பார்கள், பூங்காவில் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தராவது கிடைத்திருப்பார். அந்த ஐந்து மாதத்தின் மதிப்பு, இங்கே எழுதப்போகும் ஆண்டுப் பரீட்சைக்குக் கிடையாது.

ஒரே ஒரு மாற்றம் செய்யலாம்: கணவர் இரண்டு மூன்று வாரம் முன்னால் போகட்டும். காரணம் குளிர் இல்லை, விலாசம். அங்கே எந்தப் பள்ளி என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வீடு இருக்கும் தெருதான் முடிவு செய்கிறது. அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான ஸ்கூல் போர்டின் இணையதளத்தில் விலாசத்தைத் தட்டினால் பள்ளி வந்துவிடும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் குடியிருப்புகள் நிறைய முளைத்த பகுதிகளில் பக்கத்துப் பள்ளி நிரம்பி வழிந்தால் பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், ஆகவே போன் போட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மிசிசாகாவில் பீல் மாவட்டப் பொது போர்டு ஒன்று, கத்தோலிக்க போர்டு ஒன்று, இவை போக பிரெஞ்சு மொழிப் பள்ளிகள். நம்மூர் கான்வென்ட் நினைப்பில் கத்தோலிக்கப் பள்ளிக்குக் காசு கட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு, அதுவும் அரசுப் பணத்தில் நடப்பதுதான். ஆனால் தொடக்கப் பள்ளிக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். மற்றவர்களுக்குப் பொது போர்டு, கட்டணம் எதுவும் கிடையாது.

கிரேடு விஷயத்துக்கு வருவோம். ஒன்டாரியோவில் பிறந்த வருடம்தான் கணக்கு, ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோரும் ஒரே வகுப்பு. எந்த வருடத்தில் ஆறு வயது ஆகிறதோ அந்த வருட செப்டம்பரில் கிரேடு ஒன்று. அந்தக் கணக்கில் 2015-இல் பிறந்த உங்கள் மகள் ஐந்தாம் கிரேடுதான், அதுவும் டிசம்பர் என்பதால் வகுப்பிலேயே சின்னவளாக இருப்பாள். நாலில் போடுங்கள் என்று மன்றாட வேண்டாம், பொதுவாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொண்டாலும் நான் வேண்டாம் என்பேன். கணக்கில் அவள் பின்தங்கப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். விடை சரியாக இருக்கும், எப்படி வந்தது என்று எழுதியிருக்க மாட்டாள், மதிப்பெண் குறையும். படம் போட்டுக் காட்டு, வேறு வழியில் செய்து பார், பக்கத்தில் இருப்பவளுக்கு விளக்கு என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். இப்போதிருந்தே ஒரு நாளைக்கு ஒரு கணக்கை எடுத்து, 'எப்படிம்மா வந்துச்சு, எனக்குச் சொல்லு' என்று கேட்டு அவளைப் பேசவிடுங்கள், டியூஷனைவிட இது உதவும். பிரெஞ்சு நாலாம் கிரேடிலேயே கட்டாயப் பாடமாக வந்துவிடும், அவளுக்கு ஒன்றரை வருடம் போய்விட்டிருக்கும். புதிதாக வந்த பிள்ளைக்கு பிரெஞ்சு தெரியாது என்பது ஆசிரியருக்கும் தெரியும், அதற்காக அவசர வகுப்பு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரியில் முதல் ரிப்போர்ட் கார்டு வரும். அதில் சில பாடத்துக்கு நேராக 'ஐ' என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், மதிப்பிடும் அளவுக்கு இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஜூன் கார்டில் 'பி' வந்தாலும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்காதீர்கள், மாகாணம் எதிர்பார்க்கும் தரமே 'பி' தான். நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை இல்லை, முதல் பக்கத்தில் இருக்கும் ஆறு பழக்கங்களை: பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்வது, சேர்ந்து வேலை செய்வது, தானாக முன்வருவது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது. நம் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக முன்வருவதில்தான் அடி விழும். கேட்டால் பதில் சொல்லும், கேட்காமல் வாய் திறக்காது. நம்மூரில் அது நல்ல பிள்ளை, அங்கே 'இவளுக்குப் புரிகிறதா இல்லையா தெரியவில்லை' என்பார்கள்.

மகன் கிரேடு ஒன்றுக்கு முந்தைய சீனியர் கிண்டர்கார்டனில் சேர்வான், முழு நாள் வகுப்பு. அங்கே மணல், தண்ணீர், கட்டை அடுக்குவது, கதை கேட்பது, இவைதான் பாடம். இங்கே யு.கே.ஜி.யில் மூன்றாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தவன் அங்கே பிளாஸ்டிக் டைனோசரைக் குளிப்பாட்டுகிறான் என்று பல அம்மாக்கள் போனில் அழுதிருக்கிறார்கள். விடுங்கள், அது தேவையான வேலைதான். சில வாரம், சில பிள்ளைகள் ஒன்றிரண்டு மாதம்கூட, வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பார்கள். வீட்டில் கலகலவென்று பேசுகிறான், ஆசிரியர் சொல்வதைச் செய்கிறான் என்றால் காத்திருக்கலாம். ஆங்கிலம் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

சரி, குளிர். ஜனவரியில் சாதாரணமாகப் பகலில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், இரவில் மைனஸ் எட்டு, பத்துக்குப் போகும். நடுவில் சில நாட்கள் காற்றும் சேர்ந்துகொண்டால் மைனஸ் 20-க்குக் கீழே உணரும். காற்றையும் சேர்த்துச் சொல்லும் அந்த எண்ணைத்தான் காலையில் பார்க்க வேண்டும், அது மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். குளிர்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை வகுப்பிலேயே வைத்திருக்க மாட்டார்கள் என்பது நம் பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி. மைனஸ் பத்திலும் இடைவேளைக்கு வெளியேதான் அனுப்புவார்கள். மைனஸ் 20-ஐ நெருங்கும்போது நேரத்தைக் குறைப்பார்கள், இன்னும் கீழே போனால் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள், எல்லை போர்டுக்கு போர்டு கொஞ்சம் மாறும். பனிப் புயல் அன்று அதிகாலையிலேயே பஸ் கிடையாது என்று அறிவிப்பு வரும், பல நாள் பஸ் மட்டும்தான் கிடையாது, பள்ளி திறந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

திருப்பூரில் இருந்துகொண்டு துணி எங்கே வாங்குவது என்று கேட்கிறீர்கள், உங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: பருத்தி உள்ளாடை வீட்டுக்குள் போட நல்லது, பனியில் விளையாட ஆகாது. வியர்வையோ பனியோ பட்டு நனைந்தால் பருத்தி காயாது, ஈரம் உடம்போடு ஒட்டி இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை இரண்டு செட், மேலே ஒரு பிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழை ஸ்வெட்டர்), இவற்றை இங்கேயே எடுக்கலாம். விமானத்தில் இருந்து இறங்கிப் போட ஆளுக்கு ஒரு சாதாரண ஜாக்கெட், அதுவும் செக்கின் பெட்டியில் இல்லை, கையில். காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், ஸ்னோ பேண்ட், பூட்ஸ் எல்லாம் அங்கேதான். ஜனவரியில் கடைகள் குளிர்காலச் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டு வசந்தத்துக்கு மாறத் தொடங்கிவிடும், விலை மலிவு, ஆனால் உங்கள் அளவு இருக்காது. அதனால் கணவர் முன்னால் போகும்போது அளவைக் கொடுத்தனுப்புங்கள். வேல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய துணிக் கடைகளில் ஒரே சீசன் போட்ட ஸ்னோ பேண்ட் நன்றாகவே கிடைக்கும், பிள்ளைகள் வளர்கிற வேகத்துக்குப் புதிது தேவையில்லை. ஜாக்கெட் ஒரு அளவு பெரிதாக இருக்கலாம். பூட்ஸில் விரல் அசைய இடம் வேண்டும், தடி சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சின்னவனுக்கு விரல் பிரிந்த கையுறை வேண்டாம், நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்ஸ், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி. கழுத்துக்கு ஸ்கார்ஃப் வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும், தலைவழியாக மாட்டும் நெக் வார்மர் போதும். வகுப்புக்குள் போட வேறு ஷூ ஒரு ஜோடி பள்ளியிலேயே இருக்கும். எல்லாவற்றிலும் பேர் எழுதுங்கள், ஒற்றை மிட்டனிலும்கூட.

அப்புறம் உங்களுக்கும் பூட்ஸ். பிள்ளைகளுக்கு எல்லாம் வாங்கிவிட்டு அம்மா மட்டும் கேன்வாஸ் ஷூவில் நடைபாதைப் பனிக்கட்டியில் வழுக்குவதை எல்லாக் குளிர்காலத்திலும் பார்க்கிறேன். வீடு பள்ளிக்குப் பக்கம் என்றால் பஸ் கிடையாது, காலையும் மாலையும் நடை உங்களுடையது, கிண்டர்கார்டன் பிள்ளையைப் பெரியவர் கையில்தான் ஒப்படைப்பார்கள்.

துணியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அதைத் தானே போடத் தெரிவதை வாங்க முடியாது. உங்கள் மகனுக்கு நிஜமான பரீட்சை அதுதான். இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் மேல் இருக்கும் வகுப்பில் இரண்டு பெரியவர்கள் எத்தனை பேருக்கு ஜிப் போட முடியும்? நாம்தான் ஐந்து வயதிலும் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, ஷூ லேஸ் கட்டி அனுப்புகிறோம். இங்கேயே ஒரு பழைய முழுக்கை ஜாக்கெட்டை வைத்துப் பழக்குங்கள், வேர்க்கிறது என்று கத்துவான், இரண்டு நிமிடம்தானே. வரிசை முக்கியம்: முதலில் ஸ்னோ பேண்ட், பிறகு பூட்ஸ், நெக் வார்மர், தொப்பி, ஜாக்கெட், ஜிப், கடைசியில்தான் மிட்டன்ஸ். மிட்டனை முதலில் போட்டுவிட்டு ஜிப்பை இழுக்க முடியாமல் அழும் பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருக்கும். ஜாக்கெட் போட அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு வித்தை செய்வார்கள்: ஜாக்கெட்டை உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, காலர் தன் காலைப் பார்த்து இருக்கும்படி நின்று, குனிந்து இரண்டு கையையும் கை ஓட்டைகளில் விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் ஜாக்கெட் முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். ஐந்தாறு தடவை செய்தால் பழகிவிடும், பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும். காரில் உட்காரும்போது மட்டும் அந்தத் தடி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு சீட் பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் தளர்வாக நிற்கும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு சாதத்தைப் போட்டால் மத்தியானம் வரை சூடு நிற்கும், ஆனால் நீங்கள் இறுக்கி மூடியதை அவனால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம்போல, சில பள்ளிகளில் ஒரு மதிய உணவுக்குப் பதில் இரண்டு சின்ன இடைவேளை. வேர்க்கடலை எந்த ரூபத்திலும் கூடாது, பல பள்ளிகளில் முந்திரியும் கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் காக்க 2006 முதல் சட்டமே இருக்கிறது. எலுமிச்சை சாதத்தில் கடலை, பொங்கலில் முந்திரி, இட்லிப் பொடியில் என்ன இருக்கிறது என்று அரைத்தவருக்குத்தான் தெரியும், ஆகவே கடைப் பொடியைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டு தோல் வெடிக்கும், சில பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், அறையில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வையுங்கள், குளித்ததும் ஈரத்தோடேயே வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துதான் இருக்கும், கெட்டுப்போகவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் இந்த வாரமே செய்ய வேண்டியது தடுப்பூசி. ஒன்டாரியோவில் பள்ளிப் பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்தை உள்ளூர்ப் பொது சுகாதார அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும், பாக்கி இருந்தால் பிள்ளையை 20 பள்ளி நாள் வரை பள்ளிக்கு வராமல் நிறுத்திவைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இடிக்கும் இடங்கள் சில உண்டு. தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டால்தான் கணக்கு, நாம் ஒன்பதாம் மாதம் போட்டதைச் சேர்க்க மாட்டார்கள். அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுதான், பொன்னுக்கு வீங்கி கிடையாது, அங்கே அது வேண்டும். சின்னம்மை ஊசி 2010-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம், மூளை உறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசியும் கேட்பார்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி), சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் போடாவிட்டால் நாலு வாரம் இடைவெளி விட வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் எல்லாத் தேதியையும் ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் வகுப்பைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். டொராண்டோ பகுதியில் நம்மவர்கள், முக்கியமாக ஈழத்தமிழர்கள், பல பத்தாண்டுகளாக வேரூன்றி இருக்கிறார்கள், ஸ்கூல் போர்டுகளே சனிக்கிழமை போன்ற நேரங்களில் தமிழ் வகுப்பு நடத்துகின்றன, ஜனவரி மாதத்தை ஒன்டாரியோ அரசு தமிழ் மரபு மாதமாகவே அறிவித்திருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் கேட்டால் எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கணவரின் ஒர்க் பெர்மிட் நகல், வாடகை ஒப்பந்தம், மகளின் கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு. டி.சி.யை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துத் திருப்பூருக்கே திரும்பி வந்தால் இங்கே கேட்பார்கள்.