தம்பிக்கு ஏது வீடு?

கேள்வி: எனக்கு 39 வயது. காரைதீவில் இருக்கிறேன், அரசாங்க வேலை. அம்மா, கணவர், நான், இரண்டு பிள்ளைகள் என்று எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு பத்திரிகைகளில் ராசிபலன் பார்த்துவிட்டுத்தான் காலையில் அடுப்பு மூட்டுவேன். ஒரே நாளில் ஒரே ராசிக்கு ஒன்றில் ‘வரவு’, மற்றதில் ‘விரயம்’ என்று இருக்கிறது. எதை நம்புவது? இன்னொன்று, மீன் ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் விட்டால் திரிந்துவிடுகிறது. கைத்தொலைபேசியில் வரும் சமையலறைக் குறிப்புகளையெல்லாம் கொப்பியில் எழுதிச் செய்துபார்த்தேன். குளோரின் தூளில் தேசிக்காய்ப்புளி விட்டுக் குளியலறை கழுவுகிற குறிப்பு மட்டும்தான் பலித்தது. அம்மாவுக்கு மீன் ஆணம் கைவந்த வேலை. ஆனால் அவருக்கு அட்டமத்துச் சனி. அவர் கடகம், கணவர் கும்பம், ஆறுக்கு எட்டு. சனி மாறும்வரை என்று தை மாதத்திலிருந்து ஆரையம்பதியில் தம்பி வீட்டில் இருக்கிறார். மறுபேச்சில்லாமல் போனார். இது அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு, அவருடைய அறையை அப்படியே வைத்திருக்கிறேன். பால் திரியாமலிருக்க நல்ல குறிப்பு ஒன்று சொல்லுங்கள்.
– காரைதீவு வாசகி

பதில்: முதலில் அந்தக் குளோரின். அது உயிரோடு விளையாடுகிற காரியம். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளில் தேசிக்காயோ வினாகிரியோ, புளிப்பு எது பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய குளியலறையில் அதை மூச்சோடு இழுத்தால் நுரையீரல் பழுதாகும். நிலம் வெளுத்ததை எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் இருமியதை எழுதவில்லை. கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறியுங்கள்.

இனி மற்றது. உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் ராசியும் தேங்காய்ப்பாலும். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி, ‘தம்பி வீட்டில் இருக்கிறார்’. நான் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

மகள், நம்முடைய பக்கத்தில் தம்பிக்கு ஏது வீடு? மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழூர்களில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போகிறான். அவன் படுப்பது பெண்சாதியின் சீதன வீட்டில், தண்ணீர் அள்ளுவது அவளுடைய தாய் வெட்டுவித்த கிணற்றில். உங்கள் கணவர் காரைதீவில் உங்களோடு இருப்பதும் அப்படித்தானே? அப்படியானால் உங்கள் அம்மா இருப்பது தம்பி வீட்டில் அல்ல, தம்பியின் மாமியார் வீட்டில். அங்கே அவர் சம்பந்தி. சம்பந்தி வந்தால் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, நல்ல கோப்பையில் சோறு போடுவார்கள். இரண்டு நாளைக்கு அது மரியாதை. நான்கு மாதம் அப்படி இருந்துபாருங்கள். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் தானாக எடுக்கக் கூசுகிற சமையலறை அது. விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்தாலும் வீட்டுக்காரர் எழும்பும்வரை பாயில் கிடக்க வேண்டும். ஒரு மிடறு சுடுதண்ணீருக்கு இன்னொருத்தியின் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுசியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, எனக்குப் பால் திரிகிறது என்று எழுதுகிறீர்கள்.

கோயிலில் உங்கள் குடி, அதாவது வம்சம், எது என்று கேட்டால் யாருடைய குடியைச் சொல்கிறீர்கள்? தாயின் குடியை. நாம் ‘வயிற்றுவார்’ என்று சொல்வதே ஒரு வயிற்றிலிருந்து இறங்கி வந்த உறவைத்தான். சொத்தைத் தாய்வழியே இறக்கிய பழைய முக்குவர் சட்டம் வழக்கொழிந்து நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதுகிற வழக்கம் ஒழியவில்லை. மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய், பின்வளவில் ஒரு பத்தி இறக்கி அங்கே ஒதுங்குவாள். வளவுக்குள் ஒதுங்குவாளே தவிர ஊரைவிட்டு ஒதுங்கமாட்டாள். அந்த வீட்டு உறுதிப்பத்திரம் எழுதப்பட்ட நாளில் எழுதப்படாமல் போன மறுபாதி அதுதான். எழுதியது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறது.

‘மறுபேச்சில்லாமல் போனார்’ என்கிறீர்கள். வீட்டை எழுதிக் கொடுத்தவர் எதை வைத்து மறுபேச்சுப் பேசுவார்? பத்திரிகையை ஒரு நாளைக்கு மடித்து வைத்துவிட்டு, அலுமாரியில் இருக்கும் உறுதியை எடுத்து வாசியுங்கள். சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தால், உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை சட்டப்படியே அம்மாவுடையது. வைக்காமல் எழுதியிருந்தால், உங்களை அவர் அவ்வளவுக்கு நம்பியிருக்கிறார். எது கூடுதலாகச் சுடுகிறது என்று நீங்களே பாருங்கள். அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். செத்தவர்களின் அறையைத்தான் அப்படியே வைப்பார்கள்.

சாத்திரத்துக்கு வருகிறேன். நான் சாத்திரத்தைப் பழிக்கிறவள் அல்ல, என் பிள்ளைகளுக்கும் சாதகம் எழுதுவித்துத்தான் கல்யாணம் பேசினேன். அதனால்தான் கேட்கிறேன். ஆறுக்கு எட்டு, அதாவது சஷ்டாஷ்டகம், கல்யாணப் பொருத்தத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பார்ப்பது. மாமியாருக்கும் மருமகனுக்கும் அதைப் பார்க்கும்படி எந்தப் பஞ்சாங்கம் சொன்னது? சரி, அட்டமத்துச் சனி, அதாவது ஒருவருடைய ராசிக்கு எட்டாம் ராசியில் சனி நிற்பது. கடகத்துக்கு எட்டாவது கும்பம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச் 29 அன்றே கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போய்விட்டது. நீங்கள் அம்மாவை அனுப்பிய தை மாதத்தில் கடகத்துக்கு அட்டமத்துச் சனியே இல்லை. இல்லை, எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம்தான் என்றால், 2026 மார்ச்சில் அதன்படியும் மாறிவிட்டது. இப்போது வைகாசி. இரண்டு பஞ்சாங்கமும் அம்மாவை விட்டுவிட்டன, நீங்கள்தான் விடவில்லை. சனி மாறும்வரை என்று சொல்லி அனுப்பியவர், சனி மாறிய அன்று ஆரையம்பதிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டுமே?

உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் மனிதராக வரவே இல்லை, கும்பமாக மட்டும் வருகிறார். அவருக்கும் அம்மாவுக்கும் வாய்த்தர்க்கம் ஏதும் நடந்திருந்தால் அதை வாய்த்தர்க்கம் என்றே சொல்லுங்கள். அதைப் பேசித் தீர்க்கலாம். சனியின் தலையில் கட்டினால் யாரோடு பேசித் தீர்ப்பது?

எந்தப் பத்திரிகையை நம்புவது என்ற கேள்விக்கு ஒரு கதை சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ராசிபலன் வந்து சேராத நாளில் பழைய பலனை எடுத்து ராசியை மாற்றிப் போட்டார்கள். என் கண்ணால் கண்டேன். ஒரு வாசகர்கூடக் கடிதம் போடவில்லை. சாதகம் என்றால் பிறந்த நேரம், இடம், இலக்கினம், நடக்கிற தசை எல்லாம் வேண்டும். பத்திரிகையில் ராசி ஒன்றுதான் இருக்கிறது. இந்த இலங்கையில் 2 கோடிக்கு மேல் சனம். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு ராசிக்குப் பதினேழு பதினெட்டு இலட்சம் பேர். அத்தனை பேருக்கும் இன்றைக்கு வரவா?

சந்திராட்டமத்தை எடுங்கள், அதாவது ஒருவருடைய ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கிற நாட்கள். சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் நிற்கும், 27 நாளில் ஒரு சுற்று. ஐந்து பேருக்கும் வேறு வேறு ராசி என்றால் 27 நாளில் பதினொரு நாள் உங்கள் வீட்டில் யாருக்காவது சந்திராட்டமம். அந்தப் பதினொரு நாளில் சம்பள நாள் வந்தால் லீவு போடுகிறீர்களா? சீட்டுக்காசு எடுக்கப் போகாமல் இருக்கிறீர்களா? கடமை வருகிற நாளில் மட்டும் உங்களுக்கு நாள் சரியில்லை.

பால் எப்படித் திரியாமல் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கொப்பியைப் புரட்டுவீர்கள். மீனையும் தூளையும் இரண்டாம், மூன்றாம் பாலில் அவியவிடுங்கள். புளி அப்போதே சேர்ந்து கொதித்துவிட வேண்டும். மீன் வெந்த பிறகு அடுப்பைத் தணித்து, முதற்பாலை விட்டு, மூடாமல், ஓரம் நுரை கட்டும்வரை அகப்பையால் மெதுவாக அலசிக்கொண்டு நில்லுங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். சூடும் புளிப்பும் மிஞ்சினால் பாலில் உள்ள புரதம் திரண்டு எண்ணெய் தனியாகப் பிரியும், திரிவது என்பது அதுதான். சொதிக்குத் தேசிக்காய் விடுவதென்றால் சட்டியை இறக்கிய பிறகு விடுங்கள். இவ்வளவுதான். ஒரு தொலைபேசி அழைப்பில் அம்மாவிடம் கேட்டிருக்கக்கூடியதை ஏன் எனக்கு நான்கு பக்கம் எழுதினீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு மாதத்தில் எத்தனை முறை அவரோடு பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழா வருகிறது. ஊர் முழுக்கத் தாயும் மகளுமாகக் கோயிலுக்கு வருகிற நாளில் உங்கள் அம்மா சம்பந்தி வீட்டு விறாந்தையில் இருக்கக் கூடாது. வருகிற சனிக்கிழமையே போங்கள். ஆம், சனிக்கிழமைதான், ராகுகாலம் பார்க்க வேண்டாம். கல்முனை வழியாகப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வா என்று அழைக்கும் வாய் மருமகனுடையதாகவும் இருக்கட்டும். எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை அம்மாவிடம் நீட்டாதீர்கள், விருந்தாளிக்குக் கொடுக்கிறது போலாகிவிடும். தம்பியின் மாமியார் கையில் கொடுங்கள். எந்த ராசியும் பார்க்காமல் நான்கு மாதம் உங்கள் தாய்க்குச் சோறு போட்டவர் அவர்.