எண்ணிச் சொன்னவர் என்ன ஆனார்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. கல்லூரி நாட்களிலிருந்தே சோஷலிசத்தில் ஈடுபாடு. அப்பா சிறிய அளவில் சொந்தத் தொழில் செய்து ஓய்ந்தவர். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை. “ரஷ்யாவில் பட்டினி போட்டுக் கொன்றார்கள், சீனாவில் கொன்றார்கள், இன்னும் என்ன வேண்டும்?” என்கிறார். நான் இலவச மருத்துவம், கல்வி, நார்டிக் நாடுகள் என்று சொன்னால், “மனுஷன் சுயநலக்காரன், இதெல்லாம் நடக்காது” என்று முடித்துவிடுகிறார். போன மாதம் கோபத்தில் அவரை ‘முதலாளித்துவ அடிவருடி’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. என் கேள்வி ஒன்றுதான். ஒரு சமூகத்துக்கு சோஷலிசம் நல்லதா, கெட்டதா? அப்பாவிடம் காட்டுகிற மாதிரி தெளிவான பதில் வேண்டும். படிக்கப் புத்தகங்களும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் 1937-ல் நடந்த ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘அப்பாவிடம் காட்டுகிற மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சொல்லால் உங்களை வளர்த்த மனிதரை அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு என்னிடம் கல் கேட்கிறீர்கள். தரமாட்டேன்.

மனிதன் சுயநலக்காரன் என்ற வாதத்தை விடுங்கள். அது எல்லா அமைப்புக்கும் பொருந்தும், அதனால் எதையும் தீர்க்காது. டென்மார்க், ஸ்வீடன் மாதிரியான நார்டிக் நாடுகளையும் விடுங்கள். அங்கே சந்தை இருக்கிறது, தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன, கூடவே கனமான வரியும் பலமான தொழிற்சங்கமும் இருக்கின்றன. எங்களுடையது சந்தைப் பொருளாதாரம், சோஷலிசத் திட்டப் பொருளாதாரத்துக்கும் எங்களுக்கும் வெகுதூரம் என்று 2015-ல் டென்மார்க் பிரதமரே வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, அந்தக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். 1937 ஜனவரி 6. சோவியத் ஒன்றியம் முழுக்க மக்களை எண்ணினார்கள். 1934-ல் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று அறிவித்திருந்தார். மூன்று வருடத்தில் அது கூடியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 16.2 கோடிதான் இருந்தார்கள். 1932-33 பஞ்சத்தில் செத்தவர்களையெல்லாம் அந்தப் பழைய எண் உயிரோடு வைத்திருந்தது. கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவித்தார்கள். நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தார்கள். பொறுப்பிலிருந்த புள்ளியியலாளர் ஒலிம்பி க்வித்கினை அதே வருடம் சுட்டுக் கொன்றார்கள். 1939-ல் மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை 17 கோடி என்று அறிவிப்பு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஸ்டோர்ஸ் அறைதான் ஞாபகம் வந்தது.

என் 23-ஆம் வயதில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். மாதக் கடைசியில் உற்பத்தி இலக்கை எட்ட முடியாது. அதனால் அடுத்த மாதம் முதல் வாரத்தில் வரப்போகிற சரக்கை இந்த மாதமே வந்துவிட்டதாக எழுதிவிடுவோம். ரேக்கில் இல்லாத பெட்டிக்கும் இருப்பைக் குறிக்கும் அட்டை தொங்கும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் ஒருவர் அங்கே இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஒரு மாதக் கடைசி சனிக்கிழமை, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “எண்ணிப் பாத்துட்டேன். 412தான் இருக்கு. 600ன்னு எப்படிப் போடுறது?” குரல்கூட உயரவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுவாரமே அவரை இரவு ஷிப்டில் கேட்டுக்கு மாற்றினார்கள். ரிஜிஸ்டர் என் மேஜைக்கு வந்தது. நான் 600 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது சாயங்காலங்களில் நான் மார்க்சிய வாசிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உழைப்பவனுக்கே அதிகாரம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். பகலில், உண்மையைச் சொன்னதற்காகத் தூக்கத்தை இழந்த ஒரு உழைப்பாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். காலையில் அவர் கண் சிவந்து வெளியே வருவார், நான் உள்ளே போவேன். “சாப்பிட்டியா?” என்பார். அதைத் தவிர அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

இதை உங்கள் அப்பாவும் கேட்க வேண்டும். அது தனியார் கம்பெனி. எந்தப் பெரிய கம்பெனிக்கு உள்ளேயும் நடப்பது திட்டமிடல்தான். மேலிருந்து இலக்கு இறங்கும், கீழிருந்து கணக்கு ஏறும். மேலே இருப்பவருக்குப் பிடிக்காத எண்ணைச் சொல்ல ஆள் பயந்தால் அங்கேயும் பொய்தான் விளையும். ஆனால், தம்பி, இதை நீங்கள் கேட்க வேண்டும்: ஏழெட்டு மாதத்தில் சரக்கு வாங்குகிற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பெட்டிகளை எண்ணினார். பொய் உடைந்தது. எங்கள் மேலாளரைப் பார்த்து அவர் பயப்பட வேண்டியதில்லை. அண்ணனும் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டார். க்வித்கினுக்குப் போக வேறு இடம் இல்லை. தயாரிப்பவர், வாங்குபவர், எண்ணுபவர், எண்ணியதை அச்சடிக்கும் பத்திரிகை, வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம், எல்லாம் ஒரே கையில் இருந்தன.

விலைதான் ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சுமந்துவருகிறது, திட்டக்குழுவால் அது முடியாது என்று 1945-ல் பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுதினார். பலமான வாதம். ஆனால் காசில்லாதவரின் வலி விலையில் ஏறுவதே இல்லை. 1948 ஜூலை 5-ல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் அரசு போட்டுவைத்த மதிப்பீட்டைத் தாண்டி மக்கள் வந்து நின்றார்கள். அதுவரை மங்கலாகவே பார்த்துப் பழகியவர்கள், பல் இல்லாமலே மென்று பழகியவர்கள். அவர்களும் கணக்கில் ஏறாமல் இருந்த ஆட்கள்தான். உங்கள் அப்பா பேசும்போது இவர்களை விட்டுவிடுகிறார். நீங்கள் பேசும்போது க்வித்கினை விட்டுவிடுகிறீர்கள்.

அந்த சேவையைக் கொண்டுவந்த அமைச்சர் அனெய்ரின் பெவன். 1951-ல் அவர் கட்சி அரசே பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தது. பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார், நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தன் அரசையே கிழித்தார். மறுநாளும் அவர் எம்.பி.தான். 1960-ல் சாகும்வரை எம்.பி.யாகவே இருந்தார்.

1959-ல் சீனாவில், லூஷான் என்ற இடத்தில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களின் கூட்டம். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். உற்பத்தியை ஒரேயடியாகப் பெருக்க மாவோ தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ திட்டத்தின் பெயரில் விளைச்சலை ஊதிக் காட்டுகிறார்கள் என்பதைப் பணிவான வார்த்தைகளில்தான் சொல்லியிருந்தார். மாவோ அதை நகலெடுத்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். பெங்கின் பதவி போனது. அதற்கப்புறம் எந்தக் கீழ்மட்ட ஊழியர் வாயைத் திறப்பார்? விளையாத தானியத்தை விளைந்ததாக எழுதினார்கள், எழுதிய கணக்குக்கு அரசு கொள்முதல் செய்தது, விதைத்தவரின் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1961 வரை பஞ்சம் நீண்டது. கோடிக்கணக்கில் செத்தார்கள். பின்னால் மாவோ கிளப்பிவிட்ட கலாச்சாரப் புரட்சியில் பெங்கை அடித்து இழுத்துச் சென்றார்கள். 1974-ல் காவலில் இருந்தபடியே இறந்தார்.

பெவனும் சோஷலிஸ்ட், பெங்கும் சோஷலிஸ்ட். இருவரும் செய்தது ஒரே காரியம், தன் அரசிடம் ‘இது தப்பு’ என்று சொன்னது. எனவே சோஷலிசம் நல்லதா என்று என்னைக் கேட்டால், அங்கே எண்ணிச் சொன்னவர் என்ன ஆனார் என்று நான் திருப்பிக் கேட்பேன். மருத்துவமும் கல்வியும் எல்லோருக்கும் பொதுவில் இருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதை நடத்துகிறவரை ஓட்டுப் போட்டு இறக்க முடிய வேண்டும். அவர் கைக்குள் அடங்காத பத்திரிகை வேண்டும், அவருக்குப் பயப்படாத கணக்காளர் வேண்டும். வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னால், முதலில் புரட்சி, ஜனநாயகம் அப்புறம் என்பார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் கேட்க வேண்டியவர்களை முடித்துவிடுகிறார்கள், தம்பி. 1937-ல் எண்ணியது முழுசாக வெளியே வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

புத்தகப் பட்டியல் இப்போது இல்லை. முதலில் அந்த வார்த்தைக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் வருடக்கணக்கில் சரக்கு எண்ணியவர், ஆள் வைத்து வேலை வாங்கியவர். கணக்கு உதைத்த மாதங்களில் அதை யார் வந்து சொன்னார்கள், அவர்களை அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.